அஞ்சு டிகிரி

'டைமிங்' என்றதும் உங்களுக்கு யார் ஞாபகம் வருவார்கள்? வடிவேலு? இல்லை, மானேஜர் டிபன் சாப்பிட்டு, ஏப்பம் விட்டு, நல்ல மூடில் இருக்கிற நேரம் பார்த்து லீவ் லெட்டரை நீட்டுகிற பக்கத்து சீட்டுக்காரர்?

எனக்கு என் அப்பாவின் வலது மணிக்கட்டு ஞாபகம் வரும்.

அது 1994. சித்திரைத் திருவிழாவுக்கு இன்னும் பத்து நாள்கூட இல்லை. எனக்கு வயசு இருபத்து நாலு. மதுரை டவுனுக்குள் ஓர் ஆபீஸில் கிளார்க். வீடு பரவையில். வாசலில் ஒரு வேப்பமரம், மரத்தடியில் அப்பாவின் ஜீப்.

ஜீப் என்றதும், கிளைமாக்ஸ் சண்டையெல்லாம் முடிந்த பிறகு போலீஸ் இன்ஸ்பெக்டர் வந்து இறங்குவாரே, அந்த மாதிரி கற்பனை செய்துவிடாதீர்கள். பின்பக்கத்தை வெட்டி எறிந்துவிட்டு, மரப்பலகையில் பாடி கட்டி, சோழவந்தானிலிருந்து வாழைத்தாரும் தேங்காயும் ஏற்றி வருகிற வண்டி. தெருவில் அதற்குப் பெயர் 'குட்டி லாரி'. 1960-களில் வந்த பெட்ரோல் வண்டி. நாலு சிலிண்டர், 2,199 சி.சி. அமெரிக்காவில் வில்லிஸ் கம்பெனி வடிவமைத்த எஞ்சின். 'ஹரிக்கேன்' என்று பெயர் வைத்தார்கள். அதாவது சூறாவளி! எங்கள் சூறாவளி லோடு ஏற்றினால் மாட்டு வண்டிக்கு வழிவிட்டு நிற்கும். மகிந்திரா கம்பெனி இதே எஞ்சினை எஃப்.சி. 150 என்ற சின்ன டிரக்கிலும் வைத்தது. ஆகவே தெருக்காரர்கள் 'லாரி' என்று சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்தது.

அந்தச் சமயத்தில் ஊரில் பாதிப் பேர் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சினை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். செலவு குறையும், இழுவை கூடும். அப்பா மட்டும் அசையவில்லை. "டீசல் கத்தும்டா. இது பேசும். காது கொடுத்துக் கேட்டா என்ன வேணும்னு அதுவே சொல்லிப்புடும்" என்பார்.

அந்த வாரம் வண்டி பேசியது எனக்கே கேட்டது. தேனிப் பக்கம் போய்த் தார் ஏற்றி வந்தவர், ஆண்டிபட்டிக் கணவாயில் இரண்டு தடவை நிறுத்தி, ரேடியேட்டரை ஆறவைத்து வந்திருந்தார்.

"இழுவையே இல்லடா. ஞாயித்துக்கெழமை வெள்ளன எந்திரிச்சுப் பாக்கணும்" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார்.

இங்கேதான் நான் என்ட்ரி ஆகிறேன்.

புதுமண்டபத்தில் அப்போது இருந்த கடைகளில் ஒன்றில் மோட்டார் மெக்கானிசம் பற்றி ஒரு பழைய இங்கிலீஷ் புத்தகம் வாங்கி வைத்திருந்தேன். அட்டை கிடையாது. கடைசி இருபது பக்கமும் கிடையாது. அரைகுறைப் புத்தகம், அதைப் படித்த அரைகுறை ஆள். 'வண்டி இழுக்கவில்லையா? ரேடியேட்டர் கொதிக்கிறதா? டைமிங் பின்னால் போயிருக்கலாம்' என்று அதில் இருந்தது. அடடா, அப்படியே நம்ம வண்டி ஜாதகம்!

டைமிங் என்பது வேறொன்றும் இல்லை. பிஸ்டன் மேலே ஏறி, பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையை நெருக்குகிறது. அந்த நேரத்தில் பிளக்கில் பொறி பறக்க வேண்டும். பிஸ்டன் உச்சிக்கு வந்தபிறகு பொறி வந்தால் போதும் என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால் கலவை முழுக்கப் பற்றி எரிய ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு நேரமாவது ஆகும். எஞ்சின் நிமிஷத்துக்கு மூவாயிரம் சுற்று ஓடும்போது, நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் கிராங்க் 18 டிகிரி சுற்றிவிடும். அதனால் பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே பொறி வைத்தாக வேண்டும். எவ்வளவு முன்னால்? எங்கள் எஞ்சினுக்குக் கம்பெனிக் கணக்கு அஞ்சு டிகிரி. வேகம் கூடக் கூட, டிஸ்டிரிபியூட்டருக்குள் ஸ்பிரிங்கில் மாட்டிய இரண்டு சின்ன எடைக்கட்டிகள் விரிந்து, பொறியை இன்னும் முன்னால் நகர்த்திக்கொள்ளும்.

மதுரைக்காரர்களுக்குச் சுலபமாகச் சொல்கிறேன். அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு பார்த்திருப்பீர்கள். காளை வாடிவாசலை விட்டு வருமுன் பாய்ந்தால் கொம்பு. தாண்டிப் போனபிறகு பாய்ந்தால் புழுதி. திமில் கைக்கு வருகிற நேரம் கண்ணிமைக்கும் நேரம். பொறி சீக்கிரம் வந்தால் ஏறிக்கொண்டிருக்கிற பிஸ்டன் மண்டையிலேயே வெடிப்பு அடிக்கும். எஞ்சின் 'கடகட'வென்று நாக் அடிக்கும். தாமதமானால் சூடெல்லாம் சைலன்சர் வழியே ஓடிப்போகும். இழுவை இருக்காது, ரேடியேட்டர் கொதிக்கும்.

என் தாத்தாவுக்கே இந்தக் கணக்கு தெரியும். இரண்டாம் உலக யுத்தத்தின்போது பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு. மதுரையில் பஸ் விட்டுத் தொழிலைத் தொடங்கிய டி.வி.எஸ். நிறுவனம் அந்த நேரத்தில் 'டி.வி.எஸ். கேஸ் பிளான்ட்' என்று ஒன்றைச் செய்து பஸ்களில் மாட்டியது. கரியை எரித்து வருகிற வாயுவில் பஸ் ஓடும். தாத்தா அப்போது ஒரு கரி பஸ்ஸில் கிளீனர். "கரி கேஸு மந்தமா எரியும். அதனால பெட்ரோலுக்கு வைக்கிறதைவிட முன்னாடியே பொறி வைக்கணும்" என்று திண்ணையில் உட்கார்ந்து சொல்வார். முன்னாடி வைத்தால் இழுவை என்ற ஒரு வரி மட்டும் என் மண்டையில் ஒட்டிக்கொண்டது. கரி கேஸுக்கு என்பது ஒட்டவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்பாவும் அம்மாவும் ஒரு கல்யாண ரிசப்ஷனுக்குப் போனார்கள். நான் ஸ்பேனரோடு பானெட்டைத் திறந்தேன். டிஸ்டிரிபியூட்டரின் கழுத்தில் ஒரு கிளாம்ப் போல்ட். அதைத் தளர்த்திவிட்டு டிஸ்டிரிபியூட்டரைக் கையால் திருப்பலாம். உள்ளே ரோட்டார் சுற்றுகிற திசைக்கு எதிராகத் திருப்பினால் அட்வான்ஸ், சுற்றுகிற திசையிலேயே திருப்பினால் ரிடார்டு. கொஞ்சம் அட்வான்ஸ் பக்கம் திருப்பினேன். ஹேண்டில் போட்டு ஸ்டார்ட் செய்து, சமயநல்லூர் வரை ஓட்டிப் பார்த்தேன்.

சும்மா சொல்லக்கூடாது. வண்டி பறந்தது!

அத்தோடு நிறுத்தியிருந்தால் நான் மனுஷன். 'கொஞ்சம் திருப்பினதுக்கே இப்படியா?' என்று இன்னும் கொஞ்சம் திருப்பி, போல்ட்டை முறுக்கிவிட்டேன். அப்பாவிடம் சொல்லவில்லை. அடுத்த லோடில் கணவாய் ஏறும்போது வண்டி அம்பாகப் போக, அப்பா அசந்துபோய், "என்னடா பண்ணுன?" என்று கேட்பார், நான் அலட்சியமாக, "சும்மா டைமிங்கைப் பாத்துவிட்டேம்ப்பா" என்பேன். இந்த சீனை மனசுக்குள் நாலு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டுத் தூங்கினேன்.

சனிக்கிழமை லோடு இல்லை. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்து மணி. அப்பா சொன்னபடி எழுந்து, டார்ச் வெளிச்சத்தில் டிஸ்டிரிபியூட்டர் மூடியைக் கழற்றி, காண்டாக்ட் பாயிண்டை எமரி பேப்பரால் தேய்த்து, கேப் வைத்து, மூடியை மாட்டியிருக்கிறார். எனக்கு இதெல்லாம் அரைத் தூக்கத்தில் கேட்டது. அப்புறம் ஹேண்டிலை மாட்டுகிற சத்தம்.

அடுத்து 'டங்'கென்று ஒரு சத்தம். அப்பாவின் குரல். அது வார்த்தையாக இல்லை.

ஓடினேன். ஹேண்டில் திருப்பி அடித்துவிட்டது. பொறி ரொம்ப முன்னால் வந்தால், மெதுவாகச் சுற்றுகிற எஞ்சினில் பிஸ்டன் உச்சிக்குப் போகுமுன்னே வெடிப்பு அதைப் பின்னால் தள்ளும். கிராங்க் எதிர்த் திசையில் சுழலும். ஹேண்டிலையும் கூட இழுத்துக்கொள்ளும். அப்பா முப்பது வருஷமாகப் பெருவிரலைச் சுற்றி வளைக்காமல், மற்ற விரல்களோடு சேர்த்துத்தான் ஹேண்டிலைப் பிடிப்பார். அன்றைக்கும் அப்படித்தான். அதனால் பெருவிரல் தப்பியது. கையைவிட்டு எகிறிய ஹேண்டில் ஒரு சுற்றுச் சுற்றி வந்து மணிக்கட்டில் இறங்கியது.

அம்மா கத்திக்கொண்டே துண்டைத் தேடினாள். அப்பா அதற்குள் ஒரு காரியம் செய்தார். இடது கையால் பானெட்டைத் தூக்கி, டார்ச்சை வாங்கி, டிஸ்டிரிபியூட்டருக்குக் கீழே அடித்து நாலைந்து விநாடி பார்த்தார். பானெட்டை மூடினார்.

"கை வழுக்கிருச்சு" என்றார் அம்மாவிடம். என்னைப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "ஹேண்டில் அடிச்சுதா?" என்றார். ஜோசியம் மாதிரி இருந்தது. "இந்த எலும்பு முறிவுக்குப் பேரே 'சாஃபர் ஃபிராக்சர்'. டிரைவர்கள் முறிவுன்னு அர்த்தம். அந்தக் காலத்துல ஹேண்டில் போட்டுப் போட்டு அத்தனை டிரைவருக்கு இந்த இடத்துல ஒடிஞ்சிருக்கு" என்று கட்டுப் போட்டார். ஆறு வாரம்.

ஹேண்டிலுக்கு விடிவு தேடிய ஆள் சார்லஸ் கெட்டரிங் என்ற அமெரிக்கர். பட்டனை அழுத்தினால் ஸ்டார்ட் ஆகிற அவருடைய எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டர் 1912 மாடல் காடிலாக் காரில் வந்தது. பாட்டரி, காயில், காண்டாக்ட் பாயிண்ட் வைத்துப் பொறி தட்டுகிற ஏற்பாட்டைக் காருக்குக் கொண்டுவந்ததும் அவர்தான். எங்கள் வண்டியிலும் ஸ்டார்ட்டர் மோட்டார் இருந்தது. புது பாட்டரி வாங்கத்தான் காசு இல்லை.

சீஸன் போயிற்று. திருவிழா நேரத்தில் ஒரு வாரம் ஓடினால் இரண்டு மாத வட்டி கட்டிவிடலாம். அந்த லோடெல்லாம் வேறு வண்டிகளில் எங்கள் வீட்டைத் தாண்டியே போயின. அப்பா வேப்பமரத்தடியில் கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருப்பார். பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "வயசாச்சுல்லண்ணே, பிடி நழுவிப்போச்சு" என்பார். அவர் அப்படிச் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஆபீஸுக்கு நேரமாகிவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினேன் என்றால் பாருங்கள்.

ஒன்பதாம் நாள் அழகர் ஆற்றில் இறங்கினார். ஊரே வைகையில் இருந்தது. அப்பா போகவில்லை. நானும் போகவில்லை. ராத்திரி சாப்பிட உட்கார்ந்தோம். அப்பா இடது கையில் ஸ்பூனை வைத்துக்கொண்டு ரசம் சாதத்தோடு போராடிக்கொண்டிருந்தார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"அப்பா... அன்னிக்கு டிஸ்டிரிபியூட்டரை நாந்தான் திருப்பிவிட்டேன்."

"தெரியும்" என்றார்.

"எப்படி?"

"டிஸ்டிரிபியூட்டர் கழுத்துக்கும் பிளாக்குக்கும் சேர்த்து உளியால ஒரு கோடு போட்டு வச்சிருக்கேன். பல வருஷத்துக் கோடு. ரெண்டும் நேரா இருக்கணும். அன்னிக்குப் பாத்தேன், இது அங்கிட்டுக் கெடக்கு, அது இங்கிட்டுக் கெடக்கு."

"அப்புறம் ஏம்ப்பா என்கிட்ட கேக்கல?"

"கேட்டா நீ சொல்லிருவ. நீயா எப்பச் சொல்லுறேன்னு பாத்தேன்" என்றார். பிறகு, "ரசத்தை ஊத்து" என்றார்.

அன்று ராத்திரி வேப்பமரத்தடியில் அவர் விளக்கியதுதான் எனக்குப் பெரிய அதிர்ச்சி. வண்டி இழுக்காததற்குக் காரணம், பாயிண்டில் இருக்கிற சின்ன ஃபைபர் குதிகால் தேய்ந்ததுதான். அது தேய்ந்தால் பாயிண்ட் கேப் குறையும். கேப் குறைந்தால் பாயிண்ட் லேட்டாகத் திறக்கும். பாயிண்ட் திறக்கும்போதுதான் பொறி. ஆக, டைமிங் தானாகவே பின்னால் போய்விடும். கேப்பைச் சரியாக வைத்தால் டைமிங்கும் தானாகவே தன் இடத்துக்கு வந்துவிடும். டிஸ்டிரிபியூட்டரைத் தொடவே வேண்டாம்.

நான் வெள்ளிக்கிழமை கேப்பைப் பார்க்காமல் டிஸ்டிரிபியூட்டரைத் திருப்பி அட்வான்ஸ் கொடுத்தேன். அது தெரியாமல் அப்பா ஞாயிற்றுக்கிழமை கேப்பைச் சரிசெய்து அதே நோய்க்கு இன்னொரு மருந்து கொடுத்தார். இரண்டு அட்வான்ஸும் ஒன்று சேர்ந்தது. எனக்கு அடிக்காத ஹேண்டில் அவருக்கு அடித்தது அதனால்தான்.

"நீ திருப்புனது தப்பில்லடா. படிச்ச பய, கை துறுதுறுன்னுதான் இருக்கும். திருப்பினேன்னு ஒரு வார்த்தை சொல்லிருந்தா, நான் கோட்டைப் பாத்திருப்பேன்ல?"

நான் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். அவர் வாய், என் கை.

"மொதல்ல கியரை நியூட்ரல்ல போடு. ஹேண்ட் பிரேக்கை இழு. பாயிண்ட் கேப் வை."

கேம் மேடு குதிகாலை முழுக்கத் தள்ளி நிற்கிற இடத்தில், கேப் 20 தௌ இருக்க வேண்டும். ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். ஃபீலர் கேஜ் இல்லாதவர்கள் ஷேவிங் பிளேடு ஐந்தை அடுக்கிச் சொருகிப் பார்ப்பார்கள். கிட்டத்தட்ட அதே கனம். கேப் முதலில், டைமிங் பிறகு. இந்த வரிசை மாறக்கூடாது.

"சாவி ஆஃப்தான? நாலு பிளக்கையும் கழத்து. ஒண்ணாம் நம்பர் ஓட்டைல பெருவிரலை வை. பைய சுத்து."

பிளக் இல்லாத எஞ்சினை ஹேண்டிலால் சுலபமாகச் சுற்றலாம், திருப்பியும் அடிக்காது. காற்று விரலைத் தள்ளிக்கொண்டு வந்தால் அது கம்ப்ரஷன். அந்த நேரம் கிராங்க் புல்லியில் இருக்கிற வெட்டு, டைமிங் கவரில் அஞ்சு டிகிரி என்ற கோட்டுக்கு நேராக வரும்வரை சுற்றி நிறுத்த வேண்டும். தாண்டிவிட்டால் பின்னால் இழுத்துச் சரிசெய்யக் கூடாது; இரண்டு சுற்று சுற்றி, மறுபடியும் முன்னால்தான் வர வேண்டும். பின்னால் இழுத்தால் கியர்களுக்கு நடுவே இருக்கிற லூஸ் கணக்கைக் கெடுத்துவிடும். நான் மூன்று தடவை தாண்டினேன்.

"இப்ப பல்பை மாட்டு."

ஹோல்டரில் ஒரு 12 வோல்ட் பல்பு, இரண்டு ஒயர். ஒன்று காயிலிலிருந்து டிஸ்டிரிபியூட்டருக்கு வருகிற மெல்லிய ஒயரின் முனையில், இன்னொன்று எஞ்சின் பாடியில். சாவியைப் போட்டேன். பாயிண்ட் மூடியிருந்தால் பல்பு எரியாது, திறந்தால் எரியும். கிளாம்பைத் தளர்த்தி, ரோட்டார் சுற்றுகிற திசையில் டிஸ்டிரிபியூட்டரைத் திருப்பி பல்பை அணைத்தேன். பிறகு எதிர்த் திசையில் மயிரிழை மயிரிழையாக. பல்பு எரிந்தது.

"போதும்! அங்கனயே டைட் பண்ணு."

குனிந்து கீழே பார்த்தேன். உளிக் கோடு இரண்டும் நேராக நின்றன.

பிளக்கை மாட்டி, ஹேண்டிலைக் கையில் எடுத்தேன். எடுத்தேன் என்று சொல்கிறேனே தவிர, கை நடுங்கியது. அப்பா ஸ்டூலை விட்டு எழுந்து பக்கத்தில் வந்து நின்றார்.

"பெருவிரலை வெளிய வை. கீழ அமுக்காத, கீழருந்து மேல இழு. பயப்படாத. அஞ்சு டிகிரின்னா அஞ்சு டிகிரிதான்."

இழுத்தேன். இரண்டாவது இழுப்பில் சூறாவளி எழுந்து பேச ஆரம்பித்தது. பரவை ரோட்டில் டாப் கியரில் மெதுவாகப் போய், ஆக்ஸிலேட்டரை ஒரே அமுக்கு அமுக்கச் சொன்னார். லேசாக 'கிணிங்' என்று ஒரு முனகல், உடனே மறைந்தது. "கேட்டியா? இதான் கணக்கு. விடாமக் கடகடன்னா அட்வான்ஸ் ஜாஸ்தி. சத்தமும் இல்ல, இழுவையும் இல்லன்னா கம்மி." இடது கையால் என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

அப்பா 2009-இல் போய்ச் சேர்ந்தார். கட்டுப் பிரித்தபிறகும் மழைக்காலத்தில் அந்த மணிக்கட்டு வலிக்கும் என்பார். வண்டி இன்னும் வேப்பமரத்தடியில்தான் இருக்கிறது. இப்போது நல்ல பாட்டரி வைத்திருக்கிறேன். பெட்ரோலில் இருபது சதவீதம் எத்தனால் கலந்து வருவதால் பழைய ரப்பர் ஓஸையெல்லாம் மாற்றினேன். மாதத்தில் ஒரு ஞாயிறு கேப் பார்ப்பேன், பல்பை மாட்டி டைமிங் பார்ப்பேன்.

என் மகன் எஞ்சினியரிங் முடித்தவன். போன மாதம் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்துவிட்டுச் சிரித்தான். "இப்ப வர்ற கார்ல இதெல்லாம் கம்ப்யூட்டரே பாத்துக்கும்ப்பா. எஞ்சின் பிளாக்குல நாக் சென்சார்னு ஒண்ணு இருக்கு. நாக் அடிச்சா அதைக் கேட்டு, அடுத்த சில சுத்துக்குள்ள டைமிங்கைப் பின்னால இழுத்துக்கும்."

அதாவது, தப்பு நடந்தால் அதுவே கேட்டு, அதுவே ஒப்புக்கொண்டு, அதுவே திருத்திக்கொள்கிறது. ஒரு நொடிகூட ஆவதில்லை.

எனக்கு ஒன்பது நாள் ஆயிற்று.